தாட்சாயணியும் கடலிலிருந்து வந்த வாயாடியும்

பிச்சாட்டூர் அணைக்குப் போகும் சாலையில், கரை ஏறுவதற்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதன் அடியில் நீலத் தார்ப்பாய் கட்டிய மீன் வறுவல் கடைதான் தாட்சாயணியுடையது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பதியிலிருந்தும் சென்னைப் பக்கமிருந்தும் அணை பார்க்க வருகிறவர்கள் எங்கே நின்றாலும் அவள் குரல் கேட்கும். குரல் வரும் பக்கம் நடந்தால் மீன் கிடைக்கும்.

தாட்சாயணி சத்தியவேடு பக்கத்தில் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய நைனா, யார் "டேய்" என்று கூப்பிட்டாலும் "சொல்லுங்க" என்று போய் நிற்கிற மனிதர். வீட்டில் ஒருத்தராவது திருப்பிப் பேச வேண்டாமா என்று சின்ன வயதிலேயே அந்தப் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து இறக்கி வைக்கவே இல்லை. தன்னுடைய கல்யாணத்தன்றே, சாம்பாரில் உப்பு இல்லை என்று மாலையும் கழுத்துமாகப் பந்திக்குள் போய்ச் சமையல்காரரிடம் சண்டை போட்டவள் அவள். மாப்பிள்ளை முனிகிருஷ்ணன் மணையில் தனியாக உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். தான் சொல்ல நினைப்பதையெல்லாம் இனிமேல் இவளே சொல்லிவிடுவாள் என்று அன்றைக்கே அவருக்கு நிம்மதி வந்துவிட்டது.

மீன்கடை வந்ததும் ஒரு சண்டையால்தான். அணையில் மீன் குத்தகை எடுத்தவரிடம் அவள் சமையல் வேலை பார்த்தாள். வலை இழுக்கிறவர்களுக்குக் கெட்டுப்போன மீனைக் குழம்பு வைக்கச் சொன்னார் என்று, கரண்டியை அவர் படகுக்குள் வீசிவிட்டு வந்துவிட்டாள். மறுநாளே அவர் கொட்டகைக்கு எதிரில் வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டினாள். இப்போது அவரும் அங்கேதான் சாப்பிடுகிறார்.

இப்படிப்பட்டவளுக்குப் பிராணிகள் மேல் பாசம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நாய் வந்தால் கரண்டி பறக்கும். பறவைகள் என்றால் இன்னும் ஆகாது. காயப்போட்ட மீனை நீர்க்காகம் தூக்கும், மிளகாயைக் காக்கை இறைக்கும். "எறக்க வெச்சதெல்லாம் திருட்டு ஜாதி" என்பது அவள் கருத்து.

அந்த வருடம் கார்த்திகை மாதத்தில் புயல் வந்தது. விடாத மழை. ஆரணியாற்றில் வெள்ளம் ஏறி அணையின் கதவுகளைத் தூக்கினார்கள். மழை விட்ட காலையில், தண்ணீர் பாய்வதைப் பார்க்க ஊரே கரைமேல் கூடியது. தாட்சாயணி தண்ணீரைப் பார்க்க வரவில்லை. அவள் தார்ப்பாயைத் தேடி வந்தாள். அது வேப்பமர உச்சியில் சுற்றிக்கொண்டு கிடந்தது. முனிகிருஷ்ணனை மரத்தில் ஏற்றிவிட்டு, எந்தக் கிளையில் கால் வைக்க வேண்டும் என்று கீழேயிருந்து திட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கரைமேல் ஒரே சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது.

"இன்னா அங்க?" என்றாள்.

"ஏதோ வாத்து குந்திகினு கீது" என்றார் மேலேயிருந்து முனிகிருஷ்ணன்.

வாத்து இல்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது வாத்தைவிடப் பெரியது. உடம்பெல்லாம் வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு. முகத்தில் மை பூசினாற்போல் ஒரு கறுப்பு. மஞ்சள் அலகு கத்தி மாதிரி நீண்டிருந்தது. கால்விரல்களுக்கு நடுவே ஜவ்வு. மழையில் நனைந்து, சோர்ந்து, ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"ஃபாரின் கொக்குடா."

"கொக்குக்கு ஏதுடா ஜவ்வுக் காலு?"

"எப்பிடி பறக்குதுன்னு பாக்கலாம், இரு" என்று ஒருவன் கல்லெடுத்து வீசினான். கல் பக்கத்தில் விழுந்தது. பறவை பறக்கவில்லை. கல்லைப் பார்த்தது, பிறகு எறிந்தவனைப் பார்த்தது. கூட்டம் சிரித்தது. அடுத்த கல் வாலை உரசியது. அதற்கும் நகரவில்லை. மூன்றாவது கல் இறக்கையின் மூட்டில் பட்டு, வெள்ளையில் சிவப்புக் கோடு இறங்கியது. அப்போதும் அது ஒரே ஒரு அடி தள்ளி நின்று, இவர்கள் ஏதோ தின்னக் கொடுக்கப் போகிறார்கள் என்பதுபோல் அவர்கள் கைகளையே பார்த்தது.

"லூசு பறவடா இது!" என்றான் ஹரிபிரசாத்.

ஹரிபிரசாத் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவன். மற்ற நேரமெல்லாம் ஃபோனில் ரீல்ஸ் எடுப்பான். அப்போது ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மணி. அந்தக் கோலத்தோடேயே பறவையின் காலில் நைலான் கயிற்றைக் கட்டினான், தன் கூலிங்கிளாஸை அதன் முகத்தில் மாட்டினான், பாட்டு போட்டுப் பக்கத்தில் நின்று ஆடினான். இன்னொருவன் அதன் வாயைப் பிளந்து கூல்டிரிங்ஸ் ஊற்றினான். அது இருமியது. அதற்கும் சிரித்தார்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். தாட்சாயணியும் கரையேறிப் போய்ப் பார்த்தபோது முதலில் சிரித்தாள். கூலிங்கிளாஸ் அதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் வேதாச்சலம் வந்து சேர்ந்தார். வாரச் சந்தைகளில் வலி எண்ணெய் விற்கிறவர். நெற்றி நிறைய விபூதி, குரலில் கனம். எதைப் பார்த்தாலும் அதில் என்ன மருந்து இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பறவையைச் சுற்றி ஒரு வட்டம் வந்து கண்ணை மூடித் திறந்தார்.

"இது சாதாரணமா கெடைக்கிற வஸ்து இல்ல. நடுக்கடல்ல இருக்கிறது. இதோட கொழுப்ப உருக்கி எண்ண காச்சித் தடவுனா மூட்டு வலி பறந்துடும். பறவையில்ல? அதான், பறந்துடும்."

மூட்டு வலி என்றதும் சிரிப்பு நின்றது. பெரியவர்களெல்லாம் ஓரடி முன்னால் வந்தார்கள். இத்தனை வருடமாக அடுப்பு முன்னால் நின்று நின்று தாட்சாயணியின் இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. மாடிப்படி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குக் கோபம் வரும்.

"மெய்யாலுமாண்ணா?" என்றாள்.

"சித்தருங்க சொன்னது. நான் சொல்லல."

"அப்ப எனக்கு ஒரு கிண்ணி."

அவ்வளவுதான், பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரு சீசா, எங்க மாமியாருக்கு ஒரு சீசா, இடுப்புக்கும் கேட்குமா, கழுத்துக்குக் கேட்குமா என்று ஒரே சத்தம். கேட்ட சீசாக்களையெல்லாம் நிரப்ப வேண்டுமானால் அந்தப் பறவை எருமை அளவுக்கு இருக்க வேண்டும். கடைசியில், கத்தியும் வாணலியும் அடுப்பும் இருப்பது தாட்சாயணியிடம்தான், அவளே அறுக்கட்டும் என்று முடிவானது.

ஹரிபிரசாத் கயிற்றை அவள் கையில் கொடுத்தான். "நான் மாலை போட்டிருக்கேன் அத்தே. கறி பக்கம் வரக்கூடாது. தூரத்துல இருந்து வீடியோ மட்டும் எடுத்துக்கறேன்."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கினாள். பறவை முரண்டு பிடிக்கவில்லை. ஒரு பக்கம் இறக்கையைத் தொங்கப் போட்டபடி, ஜவ்வுக் காலைச் சப்புச் சப்பென்று வைத்து அவள் பின்னாலேயே நடந்து வந்தது. அதன் பின்னால் வேதாச்சலம், அவர் பின்னால் ஊர்.

மீன் வெட்டும் கட்டையில் அதை ஏற்றி வைத்தாள். அது வசதியாக உட்கார்ந்துகொண்டது. கொழுப்பு எவ்வளவு தேறும் என்று பார்க்க நெஞ்சில் கை வைத்தாள். தோலுக்கு அடியில் எலும்புதான் தட்டுப்பட்டது. இன்னொரு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். அங்கேயும் எலும்பு.

"ஏண்ணா, ஒனக்குக் கீற கொழுப்புல கால்வாசி கூட இதுக்கு இல்லியே!"

"நல்லாப் பாரு. உள்ளுக்குள்ள இருக்கும்."

அவள் மறுபடி அழுத்தினாள். அதுவரை பேசாமலிருந்த பறவை வாயைத் திறந்தது. பழைய லாரியின் ஹாரன் போல ஒரு சத்தம். தாட்சாயணி திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தாள்.

"ஏய்! யார்கிட்ட கத்தற?" என்று கத்தினாள்.

பறவை கழுத்தை நீட்டி அதைவிடப் பெரிதாகக் கத்தியது.

"வாயை மூடு!"

மூடவில்லை. அவள் ஒன்று சொன்னால் அது இரண்டு சொன்னது. கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. தாட்சாயணிக்கு எதிரே நின்று இவ்வளவு நேரம் பேசிய உயிர் அந்த மண்டலத்திலேயே கிடையாது. மரத்தின்மேல் இருந்த முனிகிருஷ்ணன், தார்ப்பாயை விட்டுவிட்டு நன்றாகப் பார்ப்பதற்காகக் கீழ்க் கிளைக்கு வந்தார்.

கத்திக் களைத்துப் போய் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த அமைதியில்தான் அவள் அதன் காலைப் பார்த்தாள். நைலான் கயிறு இறுகி ஜவ்வு கிழிந்திருந்தது. கயிறு ஈரமாக இருந்தது மழையால் இல்லை. இறக்கையைத் தூக்கிப் பார்த்தாள். கல் பட்ட இடம் வீங்கியிருந்தது. பறவை அவள் கையையே பார்த்தது. அந்தக் கையில் கத்தி இருந்தது. கத்தி எதற்கு என்று பறவைக்குத் தெரியவில்லை.

பயந்து ஓடுகிற கோழியைப் பிடித்து அறுத்திருக்கிறாள். துள்ளுகிற மீனைத் தினமும் அறுக்கிறாள். அவற்றுக்கெல்லாம் தப்பிக்கத் தெரியும், அவளுக்குப் பிடிக்கத் தெரியும், கணக்குச் சரியாகிவிடும். அடித்தவனிடமே வந்து நிற்கிற ஒன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை. கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்தினாள்.

"யார்றா கயிறு கட்டனது?"

"சும்மா ரீல்ஸுக்குத்தான் அத்தே..."

"கல்லு உட்டது எவன்?"

கூட்டத்தில் ஒருவன் கையில் மிச்சமிருந்த கல்லை மெதுவாகக் கீழே விட்டான்.

"பயப்படக்கூடத் தெரியல அதுக்கு. அத நிக்க வெச்சு அடிச்சிகினு சிரிக்கிறீங்க. ஏன் சாமி, மாலை போட்டுகினு கறி துன்னக்கூடாதுன்னு தெரியுது. காலைக் கிழிக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலியா சாமி?" மாலை போட்டவனை மரியாதை குறையாமல் சாமி என்றுதான் கூப்பிட்டாள். அதனாலேயே அது ஹரிபிரசாத்துக்கு அதிகமாக உறைத்தது. ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டான்.

வேதாச்சலம் தொண்டையைச் செருமினார். "சரி தாட்சாயணி, நேரமாவுது. அறுத்துடு."

இத்தனை பேரையும் ஒரே வாயால் விரட்ட முடியாது என்று அவளுக்குத் தெரியும். மூட்டு வலிக்காரர்கள் சீக்கிரம் கலையமாட்டார்கள். சட்டென்று ஒன்று தோன்றியது.

"இன்னிக்கு இன்னா கெழம?"

"திங்க."

"கார்த்திக சோமவாரம். நெத்தியில விபூதிய வெச்சுகினு அறுக்கச் சொல்றியே, சிவன் சும்மா உடுவாரா? எண்ணெல மருந்து இருக்குமா, சாபம் இருக்குமா?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. மருந்து மூட்டுக்கு, சாபம் குடும்பத்துக்கு என்றால் அது லாபமாகத் தெரியவில்லை. வேதாச்சலம் விபூதியைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேன்" என்றார். சீசாவை மட்டும் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கயிற்றை அறுத்து, மஞ்சள் பத்துப் போட்டு, பெரிய கூடைக்குள் அதை வைத்தார்கள். சின்ன ஜிலேபி மீன் ஒன்றைக் காட்டினாள். அவள் விரலை விட்டுவிட்டு மீனை மட்டும் விழுங்கியது. அடுத்த மீனை முனிகிருஷ்ணன் கொடுத்தார். அவரிடம் மீனையும் விரலையும் சேர்த்துப் பிடித்தது. அவர் சத்தம் போடவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, "ஆள் பாத்து நடந்துக்குது" என்றார்.

அணைக்கரையில் வனத்துறை பலகை ஒன்றில் எழுதியிருந்த எண்ணை முனிகிருஷ்ணன் குறித்து வந்து அழைத்தார். யாமினி என்ற பெண் அதிகாரி எடுத்தாள். காளஹஸ்திக்காரி, தெலுங்கும் தமிழுமாகப் பேசுவாள். படம் அனுப்பச் சொன்னாள். அனுப்பிய உடனே திரும்ப அழைத்தாள்.

"அய்யோ, இது நடுக்கடல் பறவை அம்மா! புயல் தூக்கினு வந்து போட்டிருக்கு. ஜாக்ரத்தகா சூசுகோண்டி! பத்திரமா பாத்துக்கோங்க. ஜீப் எல்லாம் வெள்ள வேலைக்குப் போயிருக்கு. நாளைக்கு எப்படியாவது திருப்பதிக்கு எடுத்துட்டு வர முடியுமா?"

"வராம? இங்க இருந்தா எண்ணெ ஆயிடும்" என்றாள் தாட்சாயணி. யாமினிக்கு அது புரியவில்லை.

மறுநாள் காலையில் கூடையைப் பழைய புடவையால் மூடி, புத்தூர் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினார்கள். பின்படியில் இன்னொரு ஆளும் ஏறினார். வெள்ளை வேட்டி, கையில் புதிய சீசா. வேதாச்சலம்தான்.

"நீ எங்கண்ணா?"

"திருப்பதியில ஒரு வேல" என்று கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கண்டக்டர் வந்து, கூடைக்குள் என்ன என்று கேட்டார். "ஏமம்மா, புட்டலோ ஏமுந்தி?"

"கோடி" என்றாள் தாட்சாயணி, கோழி என்று அவருக்குப் புரியும்படி தெலுங்கில்.

கோழி உள்ளேயிருந்து லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் பதறிப் போய் வண்டியை ஓரம் கட்டி, பின்னால் எதுவும் வராததைக் கண்டு மறுபடி கிளப்பினார்.

"கோழி இப்படியா அருஸ்துந்தி?" என்றார் கண்டக்டர், கத்துமா என்று கேட்க வந்து அவரும் பாஷை குழம்பி.

"மழையில நனைஞ்சிச்சு. தொண்ட கட்டிக்கிச்சு."

புத்தூர் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வடமாலபேட்டை நெருங்கும்போது தாட்சாயணி ஜன்னலில் தலைசாய்த்துக் கண்ணயர்ந்தாள். முனிகிருஷ்ணன் விழித்துத்தான் இருந்தார். ஆனால் வேதாச்சலம் வந்து பக்கத்தில் குந்தி, "ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன், கொழுப்பு எங்க இருக்குதுன்னு" என்று புடவையை விலக்கியபோது, வேண்டாம் என்று சொல்ல வார்த்தை சேகரிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

இந்தப் பறவைக்குப் பயம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்போலிருக்கிறது. வந்தது அப்போதுதான். வந்தவுடன் அது காலையில் தின்ற மீன்களையெல்லாம் அப்படியே வேதாச்சலத்தின் மடியில் கக்கியது. பாதி செரித்த ஜிலேபி மீனின் வாடை பேருந்து முழுக்க ஒரே வீச்சில் போய்ச் சேர்ந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அலகு வந்து அவர் முழங்காலைக் கவ்வியது. எந்த இடத்து வலி பறந்துவிடும் என்று அவரே ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாரோ, அதே இடம்.

"ஐயோ! உடச்சொல்லு தாட்சாயணி! உடச்சொல்லு!"

தாட்சாயணி விழித்தாள். பறவையைப் பார்த்து, "ஏய்!" என்றாள். அது அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கத்தியது.

கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். இறங்கச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். புயலில் அடிபட்டு, ஊரில் அடிபட்டு, கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் இருக்கிற ஒன்றை நடுரோட்டில் இறக்கி விடுகிறவன் வீட்டு அடுப்பு எரியுமா என்று தெலுங்கிலும் தமிழிலும் கேட்டாள். பயணிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே அவளுக்காகப் பேசினார்கள். இந்த வாடையில் நின்றுகொண்டு பேசுவதைவிடச் சீக்கிரம் போய்ச் சேருவதே மேல் என்று டிரைவர் முடிவுசெய்தார். அதற்கப்புறம் எந்த நிறுத்தத்திலும் வண்டி நிற்கவில்லை. அந்தப் பேருந்து திருப்பதிக்கு அவ்வளவு சீக்கிரம் போனது அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

பேருந்து நிலையத்தில் யாமினி கையுறையும் அட்டைப்பெட்டியுமாகக் காத்திருந்தாள். கூடைக்குள் பார்த்தவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"இதுக்குப் பேரு பூபி, அம்மா."

"பூபியா? இன்னா பேரு அது, பாதியில நிக்குது. பூபதின்னு வெச்சிருந்தா மரியாதையா இருக்கும்ல?"

"பூபதி ஆம்பளைப் பேராச்சே. இது பொண்ணு. ஆண் பறவை விசில்தான் அடிக்கும். இப்படி ஹாரன் அடிக்கிறது பொண்ணுங்கதான்."

முனிகிருஷ்ணன் பேருந்து நேர அட்டவணையை உற்றுப் பார்த்தபடி, "அதான பாத்தேன்" என்றார்.

யாமினி காலையும் இறக்கையையும் பார்த்தாள். இது புயல் காயம் இல்லையே என்றாள். தாட்சாயணி நடந்ததைச் சொன்னாள். கத்தியோடு தான் நின்றதையும் விடாமல் சொன்னாள். யாமினி பறவையைக் கூடையிலிருந்து தூக்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்தாள்.

"மனுஷங்களே இல்லாத தீவுல பொறந்து வளர்றது அம்மா. அதனால நம்மளப் பாத்துப் பயப்படத் தெரியாது. இந்தப் புயல்ல இன்னும் ரெண்டு மூணு எடத்துல எறங்கியிருக்கு. ஒரு எடத்துல அடிச்சே கொன்னுட்டாங்க. இன்னொரு எடத்துல நாங்க போறதுக்குள்ள சமைச்சிட்டாங்க. உசுரோட எங்க கைக்கு வந்தது இது ஒண்ணுதான்."

தாட்சாயணிக்குச் சண்டை போட ஆள் தேவைப்பட்டது. யாருமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு பத்திரிகைக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். யாமினி சொல்லி வந்தவர். அவர் கேமராவை எடுத்ததும், அதுவரை நொண்டிக்கொண்டிருந்த வேதாச்சலம் நிமிர்ந்து வந்து பெட்டியின் மேல் கை வைத்து நின்றார். மறுநாள் தெலுங்குப் பத்திரிகையில், பறவையைக் காப்பாற்றும்போது காயமடைந்த நாட்டு வைத்தியர் என்று அவர் படம் வந்தது. பக்கத்தில் ஒரு முழங்கையும் கொஞ்சம் புடவையும் தெரிந்தன. அந்த முழங்கை தாட்சாயணியுடையது. அவள் அந்தப் பத்திரிகையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேதாச்சலம் வீட்டுக்குப் போய் நின்று பேசியதை ஊரே கேட்டது. அதன்பிறகு அவர் சந்தையில் எந்தப் பறவையின் பெயரையும் சொல்வதில்லை. உடும்பு, முயல் பெயர்களையும் விட்டுவிட்டார். இப்போது வேப்பெண்ணெயும் கற்பூரமும்தான்.

ஹரிபிரசாத்தின் ரீல்ஸை நிறையப் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் காறித் துப்பினார்கள். வனத்துறையும் பார்த்தது. யாமினி பிச்சாட்டூருக்கே வந்து அவனைக் கூப்பிட்டு, இது கேஸ் ஆகும் என்றபோது அவன் அழுதுவிட்டான். தாட்சாயணிதான் குறுக்கே வந்தாள். "கேஸு போட்டா இவனுக்கு வேல போயிடும் மேடம். அப்புறம் நாள் முழுக்க ரீல்ஸுதான் எடுப்பான். அணையில ஒரு போர்டு எழுதச் சொல்லுங்க, அவன் கையாலயே." இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு யாமினி அதற்குச் சம்மதித்தாள். அவனும் மனசாரத்தான் எழுதினான். தெலுங்கில் நன்றாக வந்துவிட்டது. அவன் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம். தமிழுக்கு வந்தபோது இடம் போதவில்லை. 'பறவைகளைத் தொந்தரவு செய்ய' என்பதோடு பலகை முடிந்துவிட, மிச்சத்தை எழுத மறந்து, கீழே ஒரு பூப் போட்டு முடித்துவிட்டான். கொஞ்ச நாள் அது அப்படியே நின்றது. முனிகிருஷ்ணன்தான் பெயின்ட் வாங்கி வந்து, பூவின் மேல் 'வேண்டாம்' என்று எழுதினார்.

தை பிறப்பதற்கு முன்னால் யாமினி அழைத்தாள். பூபதிக்கு இறக்கை சரியாகிவிட்டதாம். கடலில் கொண்டுபோய் விடப் போகிறார்களாம். "வர்றீங்களா அம்மா?"

தாட்சாயணி கடலைப் பார்த்ததே இல்லை. மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குக் கடல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான். காளஹஸ்தி தாண்டி, நாயுடுபேட்டை தாண்டி ஜீப் போனது. மணலில் இறங்கியதும் அவள் நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் பார்த்தும் அக்கரை தெரியவில்லை. முனிகிருஷ்ணன் பக்கத்தில் வந்து நின்றார். அப்போது இரண்டு பேரும் ஒரே அளவுதான் பேசினார்கள்.

பெட்டியைத் திறந்தார்கள். பறவை வெளியே வந்து, காற்றை முகர்வதுபோல் கழுத்தை நீட்டியது. ஆனால் கடலுக்குப் போகவில்லை. திரும்பி, சப்புச் சப்பென்று நடந்து தாட்சாயணியின் காலடியில் வந்து நின்று அவள் கையைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்ல கையில. போ" என்றாள்.

போகவில்லை.

யாமினி மெதுவாகச் சொன்னாள். "விரட்டுங்க அம்மா. நல்லா பயப்படுத்தி விரட்டுங்க. இனிமே மனுஷங்க கிட்ட வராம இருந்தாத்தான் அதுக்கு நல்லது."

நாய், காக்கை, கண்டக்டர், குத்தகைக்காரர் என்று வாழ்நாள் முழுக்க விரட்டியவளுக்கு அது பெரிய வேலை இல்லை. வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவையும் வரவில்லை. முனிகிருஷ்ணன் அவளைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. துண்டை அவிழ்த்துத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு, "போ! போய்த் தொல! எவனையும் நம்பாத! போ!" என்று அவர் கத்தினார். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது தாட்சாயணிக்கே தெரியாது. அவளே ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

பறவை மிரண்டு ஓடி, அலையின் ஓரத்தில் இறக்கையை விரித்தது. காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டது. தண்ணீருக்கு மேலே தாழ்வாக, ஒருமுறைகூட இறக்கை தடுமாறாமல் போனது. கறுப்பு ஓரங்கள் கொஞ்ச நேரம் தெரிந்தன. பிறகு வெள்ளை மட்டும். பிறகு அதுவும் இல்லை.

திரும்பும் வழியில் நாயுடுபேட்டையில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். தாட்சாயணி ஜீப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. யாமினி கவலையோடு மீன் வறுவல் சொன்னாள். தட்டு வந்தது. தாட்சாயணி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். முகம் மாறியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"யார்யா இங்க சமையலு?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனாள்.

முனிகிருஷ்ணன் தன் தட்டை அருகில் இழுத்துக்கொண்டு, நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தார்.